கரையில் நின்று கடலைக் கணிக்க வேண்டாம்: திருகோணமலையில் படகு எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குனி பிறந்து வாடை (வடகிழக்குப் பருவக்காற்று) ஓய்ந்ததும் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் புதுப் படகுகள் இறங்கத் தொடங்கும். கடனில் எடுத்த எஞ்சின், இருபது இருபத்திரண்டு வயதுப் பொடியன்கள். புறாமலைத் தீவுக்கு ஆள் ஏற்றுவார்கள், திமிங்கிலம் காட்டக் கூட்டிப்போவார்கள், ஆள் வராத நாளில் தூண்டில் போடுவார்கள். உழைக்கப் பஞ்சிப்படாத பிள்ளைகள். ஆனால் அவர்கள் மாட்டுப்படுகிற இடங்களைப் பார்த்தால், நாங்கள் அந்த வயதில் மாட்டுப்பட்ட அதே இடங்கள்தான்.

உயிர்காப்பு அங்கி போடுங்கள், குடித்துவிட்டு ஏறாதீர்கள், போனை பொலித்தீனில் சுற்றி வையுங்கள் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். விஷயம் தெரிந்தவர்களும் பிழை விடுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கொழும்பின் வற்றுப்பெருக்கு நேரத்தை இங்கே பார்ப்பது

போனில் முதலில் வருகிற அட்டவணையைப் பார்த்துவிட்டு "பெருக்கு பத்து மணிக்கு" என்கிறார்கள். மேலே பார்த்தால் கொழும்பு என்று போட்டிருக்கும். மேற்குக் கரையில் பெருக்கு வருகிற நேரம் வேறு, எங்கள் கரைக்கு வருகிற நேரம் வேறு. திருகோணமலை என்று பெயர் போட்ட அட்டவணையை மட்டும் பாருங்கள். நாளுக்கு இரண்டு பெருக்கு, இரண்டு வற்று. அடுத்த நாள் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும்.

பறுவத்திலும் அமாவாசையிலும்கூட எங்கள் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரைத் தொடாது. அட்டமி நவமியில் மணலைப் பார்த்துக் கண்டுபிடிப்பதே கஷ்டம். அதனால் பலர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதுவும் பிழைதான். புறாமலையைச் சுற்றி முருகைக்கல் (பவளப்பாறை) மேலே வந்து நிற்கிற இடங்களில் ஒரு சாண் தண்ணீர் குறைந்தாலே புரொப்பெலர் தட்டும். எஞ்சினுக்கும் கேடு, முருகைக்கல்லுக்கும் கேடு. உடைந்த முருகைக்கல் திரும்ப வளர எத்தனையோ வருடம் ஆகும்.

வற்றுப்பெருக்கு உண்மையில் வேலை காட்டுவது ஒடுங்கிய வாய்களில். இறக்கக்கண்டி முகத்துவாரத்திலும், தம்பலகாமக் குடாத் தண்ணீர் கிண்ணியாப் பக்கத்தால் போய் வருகிற இடத்திலும் வற்று ஓடும்போது தண்ணீர் இழுக்கும். வெளியிலிருந்து அலை வர, உள்ளேயிருந்து வற்று ஓட, இரண்டும் முட்டுகிற இடத்தில் அலை நிமிர்ந்து உடையும். பெருக்கு ஏறும்வரை அரை மணித்தியாலம் காத்திருந்தால் அதே வாயால் சுகமாகப் போகலாம். மாரி மழையில் குளங்கள் நிரம்பி வெள்ளம் வடிகிற நாட்களில் அந்தக் காத்திருப்பும் உதவாது. அன்றைக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கச்சானில் கரையோரக் கடலை நம்புவது

இதைப் பற்றித்தான் நீளமாக எழுத வேண்டும். எஞ்சினையும் வலையையும், சில வேளை ஆளையுமே கொண்டுபோகிற தவறு இது.

வைகாசிக்குப் பிறகு கச்சான், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, தன் மழையை மேற்கிலும் மலைநாட்டிலும் கொட்டிவிட்டு, ஈரமில்லாமல் சூடாக எங்கள் பக்கம் இறங்கும். ஆனி, ஆடியில் உரக்க அடிக்கும். தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிற காற்று அது. காற்றுக்கு அலை எழுப்பத் தூரம் வேண்டும். கரையோரத்தில் அந்தத் தூரம் கிடையாது. அதனால் தொப்பியைப் பறிக்கிற கச்சானிலும் நிலாவெளிக் கரையில் கணுக்கால் அளவுக்குத்தான் அலை இருக்கும். நாலைந்து கிலோமீற்றர் வெளியே போனால் அதே காற்றில் அரை மீற்றரைத் தாண்டிய அலை. இருபது கிலோமீற்றரில் ஒரு மீற்றரும் அதற்கு மேலும், நெருக்கமாக, நுரை தள்ளிக்கொண்டு வரும்.

கரையில் நிற்பவனுக்கு இது தெரியாது. மணலில் நிற்கிற ஆளின் கண்ணுக்கு அடிவானம் ஐந்து கிலோமீற்றர்கூட இல்லை. அதைவிட முக்கியமானது, அலை அவனை விட்டு விலகி ஓடுகிறது என்பது. அவன் பார்ப்பது அலையின் முதுகை. நுரை உடைகிற முகம் மற்றப் பக்கம் இருக்கிறது. அதனால்தான் கச்சான் நாளில் கரையிலிருந்து பார்க்கக் கடல் அவ்வளவு அழகாகக் கிடக்கிறது.

படகில் ஏறிய பிறகும் அது ஏமாற்றும். காற்று மணிக்கு 30 கிலோமீற்றர், படகும் அதே திசையில் மணிக்கு 20 என்று வையுங்கள். முகத்தில் படுவது 10 கிலோமீற்றர்க் காற்றுத்தான். "நல்ல நாள்" என்று தோன்றும். திரும்பினவுடன் அது 50. அலை அணியத்தில், படகின் முன்பக்கத்தில், அறையும், எஞ்சினைக் குறைத்தே ஆக வேண்டும், போக முக்கால் மணித்தியாலம் எடுத்த தூரத்துக்கு வர இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். எண்ணெய் அதற்கேற்ற மாதிரி இறங்கும்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம். உப்புவெளியில் ஒரு தம்பி நான்கு பேரை ஏற்றிக்கொண்டு திமிங்கிலம் காட்ட வெளிக்கிட்டான். விடிந்து கொஞ்ச நேரம்தான், அதற்குள் பனை ஓலைகள் எல்லாம் கடல் பக்கம் இழுபட்டுச் சரசரத்துக்கொண்டிருந்தன. "தம்பி, கச்சான் ஏறுது. இண்டைக்கு விடு" என்றேன். "கடல் குளம் மாதிரிக் கிடக்கு அண்ணை. ஒன்பது மணிக்குள்ள வந்திடுவன்" என்றான்.

ஒன்பது மணி போய், பத்துப் போய், மதியமும் ஆயிற்று. திமிங்கிலத்தின் பின்னால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கிழக்கே போயிருக்கிறான். திரும்புகிற வழியில் எண்ணெய் தீர்ந்தது. கோணேசர் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். நங்கூரத்தை இறக்கினான். கயிறு முழுவதும் ஓடி முடிந்தது, நங்கூரம் அடியைத் தொடவில்லை. எங்கள் கடல் அப்படி. கொட்டியாரக் குடாவிலிருந்து வெளியே போகிற கடலடிப் பள்ளத்தாக்கு ஆயிரம் மீற்றருக்கும் கீழே இறங்குகிறது. அதற்கு வெளியிலும் கரையை விட்டுக் கொஞ்சத் தூரத்திலேயே அடி விழுந்துவிடும். திமிங்கிலம் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதற்கும் அந்த ஆழம்தான் காரணம்.

எஞ்சின் நின்ற பைபர் படகு அந்தக் காற்றில் மணிக்கு இரண்டு மூன்று கிலோமீற்றர் அள்ளுப்பட்டுப் போகும். போனில் சிக்னல் ஒரு கோடு மிஞ்சியிருந்ததால் பேச முடிந்தது. இரண்டு படகில் போய்த் தேடிப் பிடித்துக் கட்டி இழுத்துக்கொண்டு கரை சேர இருட்டிவிட்டது. அதில் வந்த ஒரு பெண் வாந்தி எடுத்து எடுத்து உதடு வெடித்து, நடக்க முடியாமல் மணலில் அப்படியே இருந்துவிட்டார்.

அடுத்த நாள் காலை போனேன். எஞ்சினைப் பிரித்துத் துணியில் பரப்பி வைத்திருந்தான். "காபரேற்றர் பிழை அண்ணை, அதுதான் எண்ணெய் குடிச்சிருக்கு" என்றான். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். எஞ்சினில் ஒரு பிழையும் இல்லை. காற்றின் திசையைப் பார்க்காமல் போனதுதான் பிழை. அதை ஒத்துக்கொள்ளாதவரை அடுத்த ஆடியிலும் இதே கதைதான். அடுத்த ஆடியில் வேறு ஒருவன் அதே கரையில் நின்று அதே "குளம் மாதிரி"யைச் சொன்னான்.

எங்கே கொண்டுபோகும் என்பதையும் யோசியுங்கள். மார்கழியில் மியன்மார்ப் பக்கத்து மூங்கில் தெப்பங்கள் எங்கள் வடக்கு, கிழக்குக் கரைகளில் வந்து ஒதுங்குகின்றன. 2024 டிசம்பரில் ரோஹிங்கியா மக்களோடு முல்லைத்தீவுக் கரைப்பக்கம் வந்த படகைத் திருகோணமலைக்குத்தான் கொண்டுவந்து சேர்த்தார்கள். வாடைக் காலத்தில் கடல் இந்தப் பக்கம் கொண்டுவருகிறது. கச்சான் எதிர்ப்பக்கம் கொண்டுபோகும். அந்தப் பக்கம் நிக்கோபார் வரை ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் வெறும் தண்ணீர்.

சரி, என்ன செய்யலாம்? வெளிக்கிட முன் உயரத்தில் ஏறிப் பாருங்கள். நூறு மீற்றர் உயரத்தில் நின்றால் அடிவானம் 35 கிலோமீற்றருக்கு விரியும். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் கும்பிட்டு முடிந்ததும் கிழக்கே ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம். வெளிக்கடலில் வெள்ளை வெள்ளையாக நுரை தெரிந்தால் கரையோரம் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் அது கச்சான் கடல்.

வானிலை அறிக்கையில் வேகத்தை மட்டும் கேட்காமல் திசையையும் கேளுங்கள். இந்தப் பருவத்தில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கையில் புத்தளம், கொழும்பு, காலி, ஹம்பாந்தோட்டைக் கடற்பரப்புகளின் பெயர்தான் அதிகம் வரும். எங்கள் பெயர் வராவிட்டால் எங்களுக்கு ஒன்றுமில்லை என்று எடுக்கிறார்கள். "தென்மேற்குத் திசையிலிருந்து" என்ற சொல் வந்தாலே எங்களுக்கு அது தரைக்காற்று. சாதாரண நாளில் முற்பகல் கழிந்ததும் கடற்காற்று எழும்பி உங்களைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். கச்சான் பலமான நாளில் அந்தக் கடற்காற்று வரவே வராது. அதை நம்பி எண்ணெய்க் கணக்குப் போடாதீர்கள்.

போக ஒரு பங்கு எண்ணெய் என்றால் வர இரண்டு பங்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் கையிருப்பும் வேண்டும். கரையோரமாக வடக்கே குச்சவெளிப் பக்கம் ஓடினாலும் உழைக்கலாம், கிழக்கே ஓட வேண்டியதில்லை. அப்படியும் எஞ்சின் நின்றுவிட்டால் வாளி, வலைமூட்டை, தார்ப்பாய், எது கிடைக்கிறதோ அதை நீளக் கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து தண்ணீரில் விடுங்கள். படகு அலைக்கு முகம் கொடுத்து நிற்கும், அள்ளுப்படுகிற வேகமும் குறையும். தேடி வருகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

சித்திரை மாலை

மதியத்துக்குப் பிறகு மேற்கே கறுத்தால் உடனே திரும்புங்கள். மழைக்கு முன் காற்று வந்துவிடும். ஐப்பசியிலும் அப்படித்தான்.

உள்துறைமுகத்தைப் பார்த்து மூதூருக்கு வெளிக்கிடுவது

திருகோணமலை உள்துறைமுகம் எந்தக் காற்றுக்கும் மறைவானது. வாடைக் காலத்தில் சென்னைப் பக்கத்துத் திறந்த கரையில் கப்பல் நிறுத்த முடியாமல்தான் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் இந்தத் துறைமுகத்துக்கு அடிபட்டார்கள். 1782 இல் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் இதைப் பிடித்ததும் அந்தச் சண்டையில்தான். அந்த மறைவுக்குள் நின்று பார்த்தால் கார்த்திகை மாதத்திலும் தண்ணீர் அசையாது. ஆனால் மூதூருக்குப் போகக் கடக்க வேண்டிய கொட்டியாரக் குடா வெளிக்கடலுக்கு வாய் திறந்து கிடக்கிறது. முனையைத் தாண்டினதும் வடகிழக்கு அலை பக்கவாட்டில் வந்து மோதும், பாரம் ஏற்றின படகு உருளும். துறைமுக ஜெட்டியில் நின்று முடிவெடுக்க வேண்டாம். மூதூரிலிருந்து அன்று காலை வந்தவரிடம் கேளுங்கள்.

அலை உயரத்தைத் தப்பாக வாசிப்பது

அறிக்கையில் 1.5 மீற்றர் என்று போட்டிருந்தால் அன்றைக்கு வருகிற ஆகப் பெரிய அலை அதுதான் என்று நினைக்கிறார்கள். இல்லை. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி அது. நாள் முழுக்கக் கடலில் நின்றால் அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அலை ஒன்றாவது வரும். படகின் விளிம்பு எவ்வளவு உயரம் என்பதை அந்த அலைக்கு வைத்துப் பாருங்கள்.

புயல் "போயிட்டுது" என்று இறங்குவது

2020 டிசம்பர் 2 இரவு புரெவி குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில் கரையேறியது. அந்த மாதிரிப் புயல் கரையைக் கடந்த மறுநாள் வானம் வெளித்தாலும் கடல் ஆறாது. வெளியே எழும்பின பெரிய அலை பின்னால் வந்துகொண்டே இருக்கும். மீனவர்களுக்கான தடை நீங்கியது என்ற அறிவித்தல் வந்த பிறகும் படகு இறக்குகிற இடத்தில் அரை மணித்தியாலம் நின்று அலையைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு கொஞ்சம் ஓயும். அந்த ஓய்வை மட்டும் பார்த்துவிட்டு இறக்கினவர்கள் படகைக் கவிழ்த்திருக்கிறார்கள்.

மார்கழியில் புறாமலை

போக வேண்டாம். எவ்வளவு காசு தந்தாலும்.

மாரி வெள்ளத்துக்குப் பிறகு குடாவில் விரட்டி ஓடுவது

மகாவலி கொட்டியாரக் குடாவில்தான் விழுகிறது. மலையில் கொட்டின மழை சில நாள் கழித்துச் செம்மண் தண்ணீராக இங்கே வந்து சேரும். அதோடு மரக்குற்றிகள், வேரோடு பிடுங்கின மூங்கில், ஆற்றுவாழைக் கூட்டம் எல்லாம் வரும். குற்றிகள் பாதி அமிழ்ந்து தண்ணீர் மட்டத்தோடு கிடக்கும். மண்ணிறத் தண்ணீரில் மண்ணிற மரம், கிட்டப் போகும்வரை தெரியாது. கலங்கல் தண்ணீரும் நீலத் தண்ணீரும் சேர்கிற கோட்டில்தான் இவை திரண்டு நிற்கும். அந்தக் கோட்டைக் கண்டதும் எஞ்சினைக் குறைத்து, ஒருவரை அணியத்தில் நிறுத்தி, மெதுவாகக் கடவுங்கள். இரவில் அந்த வழி எடுக்காதீர்கள்.