அறுபது பேர் வகுப்பில் மாணவர்களையே விவாதிக்க வைப்பது எப்படி: படிப்படியாக

முதலாண்டு பொறியியல் மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறேன். வகுப்புக்கு அறுபது பேர், ஐம்பது நிமிட பீரியட், நகர்த்த முடியாத பெஞ்சுகள். இந்த நிலைமையில் மாணவர்களைப் பேசவைத்துப் பாடம் நடத்த முடியுமா என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முடியும், நான்கு செமஸ்டராகச் செய்துகொண்டிருக்கிறேன்.

இந்த முறைக்கு பீர் இன்ஸ்ட்ரக்‌ஷன் (peer instruction) என்று பெயர், அதாவது மாணவர்கள் ஒருவரோடொருவர் விவாதித்துக் கற்பது. ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மஸூர் 1991-இல் தன் வகுப்பில் தொடங்கியது. சர்க்யூட்டில் கரண்டைக் கண்டுபிடிக்க உதவும் கிர்ச்சாஃப் விதியை வைத்துக் கணக்கைச் சரியாகப் போடுகிற பிள்ளைகளிடம், சுவிட்சைப் போட்டால் எந்த பல்பு என்ன ஆகும் என்று கேட்டால் தடுமாறினார்கள். அதுதான் அவரை உலுக்கியது. என் வகுப்பிலும் அச்சு அசலாக இதைத்தான் பார்த்தேன்.

1. கேள்வி தயாரிப்பது

கணக்கு வேண்டாம். ஃபார்முலாவில் எண்ணைப் போட்டு விடை வருகிற கேள்வியாக இருந்தால் விவாதிக்க ஒன்றும் இருக்காது. நான் எப்போதும் முதலில் கேட்பது இது: ஒரே மாதிரியான இரண்டு பல்புகள் பேட்டரியோடு சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வழியில் இணைந்து, எரிகின்றன. இரண்டாவது பல்பின் இரண்டு முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்துவிட்டால் முதல் பல்பு என்ன ஆகும்? ஏ: இன்னும் பிரகாசமாகும். பி: மங்கும். சி: மாறாது. டி: அணைந்துவிடும்.

தவறான விடைகளை நீங்களாக யோசித்து எழுதாதீர்கள், போன வருஷத்து விடைத்தாள்களிலிருந்து எடுங்கள். பேட்டரி எப்போதும் ஒரே அளவு கரண்டைத்தான் தரும் என்று நம்புகிறவர்கள் சி-க்குப் போவார்கள். சீரிஸில் ஒன்று அணைந்தால் எல்லாம் அணையும் என்று நினைப்பவர்கள் டி-க்கு. ஒவ்வொரு தவறான விடைக்குப் பின்னாலும் ஒரு நிஜமான நம்பிக்கை இருக்க வேண்டும்.

2. அட்டைகள்

சார்ட் பேப்பரில் நான்கு நிறம் வாங்கி, உள்ளங்கை அளவுக்கு வெட்டி, நிறத்துக்கு ஒன்றாக ஆளுக்கு நான்கு கொடுத்துவிடுங்கள். ஏ, பி, சி, டி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், அதைக் காட்டித்தான் விடை சொல்வார்கள். செல்போன் ஆப் எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நெட்வொர்க் கிடைக்கவில்லை, சார்ஜ் இல்லை என்று ஐந்து நிமிடம் போய்விடுகிறது, போன் கைக்கு வந்த பிறகு கவனமும் போய்விடுகிறது. ஆப்தான் வேண்டும் என்றால் பிளிக்கர்ஸ் பரவாயில்லை: மாணவர் கையில் அச்சிட்ட அட்டை மட்டும், அதை எந்தப் பக்கமாகத் திருப்பிப் பிடிக்கிறார் என்பதுதான் விடை, ஆசிரியரின் போன் மட்டும் படம் பிடித்தால் போதும்.

3. தனியாக ஒரு நிமிடம்

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் செமஸ்டரில் கேள்வியைப் போர்டில் எழுதிவிட்டு உடனே "பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள்" என்று சொல்லிவிடுவேன். பெஞ்சில் நன்றாகப் படிக்கிறவர் ஒரு விடை சொல்வார், மற்ற இருவரும் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். பிறகு முதலில் ஓட்டு எடுத்துவிட்டு "இருபத்தைந்து பேர் சி சொல்லியிருக்கிறீர்கள்" என்று அறிவித்துப் பார்த்தேன். அது இன்னும் மோசம். கூட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள், காரணம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது இப்படிச் செய்கிறேன். ஒரு முழு நிமிடம் யாரும் பேசக் கூடாது, விடையையும் ஒரு வரி காரணத்தையும் நோட்டில் எழுத வேண்டும். நான் சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் அட்டையை நெஞ்சோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், தலைக்கு மேலே தூக்கினால் பின்னால் இருப்பவர்கள் பார்த்து மாற்றிக்கொள்வார்கள். நான் பார்த்துக்கொள்வேன், எண்ணிக்கையைச் சொல்ல மாட்டேன், என் முகத்திலும் எதுவும் தெரியக் கூடாது. பேசாத அந்த ஒரு நிமிடத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். தான் எழுதியது தன் கண்முன்னே இருந்தால்தான் ஒரு மாணவர் அதற்காக வாதாடுவார்.

4. விவாதம்

சரியான விடை சொன்னவர்கள் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் விவாதத்துக்கு விடுங்கள், இது மஸூர் குழுவினர் சொல்லும் கணக்கு. அதற்குக் கீழே என்றால் இன்னொரு முறை நடத்த வேண்டும். மேலே என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். ஒற்றைப்படை வரிசை பெஞ்சில் இருப்பவர்களைப் பின்னால் திரும்பச் சொன்னால் மேசையை நகர்த்தாமலே ஆறு பேர் குழு கிடைத்துவிடும். வேறு விடை எழுதியவரைத் தேடிப் பேசச் சொல்லுங்கள். மூன்று நிமிடம்.

ஒரு தடவை பின் வரிசையில் ஒரு மாணவர் டி-க்காக அடித்துப் பேசிக்கொண்டிருந்தார்: "எங்க ஊர் கோயில் திருவிழாவுல சீரியல் செட்ல ஒரு பல்பு போனா மொத்த வரிசையும் போயிடும்." எதிரில் இருந்த பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது பல்பு ஃபியூஸ் ஆகி வழி அறுந்துபோறது. இங்க அறுக்கலையே, குறுக்கு வழிதானே போட்டிருக்காங்க" என்றார். அந்த மாணவர் அட்டையைக் கீழே வைத்துவிட்டு நோட்டில் படம் வரைய ஆரம்பித்தார். நான் பத்து நிமிடம் விளக்கியிருந்தாலும் அந்த சீரியல் செட் எனக்குத் தோன்றியிருக்காது.

5. மறு ஓட்டு

மறுபடி அட்டை. அப்புறம் தவறான விடைக்கான காரணத்தை முதலில் சொல்லவிட்டு, பிறகு விளக்குங்கள்: ஒரு பல்பின் தடை சர்க்யூட்டிலிருந்து போய்விட்டது, கரண்ட் கூடுகிறது, முதல் பல்பு இன்னும் பிரகாசமாகும். மொத்தம் பத்து நிமிடம் ஆகும். ஒரு பீரியடுக்கு இரண்டு கேள்விக்கு மேல் நான் வைப்பதில்லை.

பின்சேர்க்கை: பின்னூட்டங்களில் வந்த மூன்று விஷயங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத மாணவர்கள் இருப்பார்கள் என்று ஒருவர் சுட்டிக்காட்டினார், நான் யோசிக்கவே இல்லை. இப்போது அட்டையில் எழுத்தையும் பெரிதாக எழுதிவிடுகிறேன்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் விவாதத்தில் வாயே திறப்பதில்லை என்று இன்னொருவர் எழுதியிருந்தார். கேள்வியை இரண்டு மொழியிலும் போர்டில் எழுதுங்கள், தமிழிலேயே பேசலாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். என் வகுப்பில் இதைச் சொன்ன அன்றே சத்தம் கூடியது.

மூன்றாவது, "சார் பாடமே நடத்தறதில்லை" என்ற புகார். எனக்கும் வந்தது. இப்படிப்பட்ட வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றுக்கொண்டும், குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள் என்று ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் செய்து 2019-இல் வெளியான ஆய்வே சொல்கிறது. அதனால் முதல் வாரத்திலேயே ஏன் இப்படி நடத்துகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். முதல் ஓட்டையும் மறு ஓட்டையும் எண்ணி வைத்து, வகுப்பு முடியும்போது இரண்டையும் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறேன்.