களிமண் கொல்லையில் ஆடிப்பட்டம்

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் கொல்லை மண் பெரும்பாலும் களி. கோடையில் விரல் நுழைய வெடிக்கும், ஐப்பசியில் சேறாகும். இங்கே காய்கறிச் செடி சத்தில்லாமல் சாவதைவிட, வேர் மூச்சுமுட்டிச் சாவதுதான் அதிகம். ஆகவே உரத்துக்கு முன் வடிகாலைப் பாருங்கள்.

சித்திரையில் 100 சதுர அடிக்கு 50 கிராம் தக்கைப்பூண்டு (மண்ணோடு மடக்கிவிடும் பசுந்தாள் உரச்செடி) விதைத்துத் தண்ணீர் காட்டுங்கள். 45 நாளில், பூ எடுக்கும்போது மடக்கிக் கொத்திவிட வேண்டும். முற்றினால் தண்டு மக்காது. இரண்டு வாரம் கழித்துப் பாத்தி எடுக்கலாம்.

பதம் முக்கியம். ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் கொத்தலாம். அடை மாதிரி அப்பிக்கொண்டால் இரண்டு நாள் பொறுங்கள். ஈரக்களியைக் கொத்தினால் கட்டி கட்டியாய்க் காய்ந்து அந்தப் பட்டம் முழுக்கப் படுத்தும்.

பாத்தி 3 அடி அகலம், 1 அடி உயரம். இருபுறமும் நின்றே வேலை பார்க்கலாம், மேலே கால் படவே கூடாது. பாத்திகளுக்கு நடுவே 1 அடி வாய்க்கால் எடுத்து, வாழையடிக்குச் சரித்துவிடுங்கள். 10 அடி நீளப் பாத்திக்கு மக்கிய தொழு உரம் 12 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 300 கிராம். பச்சைச் சாணம் வேண்டாம், வேர்ப்புழு வரும். களியை இளக்க ஆற்று மணல் கொஞ்சம் போடுவது வீண். சேர்ந்து செங்கல்லாய் இறுகும். கருக்கிய உமி 2 கிலோ போதும். மக்காத உமி தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி வெளுக்கும்.

ஆடியில் வெண்டையை ஒன்றரை அடி வரிசையில் 1 அடிக்கு இரண்டு விதையாக ஊன்றுங்கள். கத்தரி 30 நாள் நாற்று, 2 அடி இடைவெளி. வேரை லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (வேர் நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியா) கரைசலில் அரை மணி நேரம் நனைத்து நடுங்கள். அவரை, புடலை, பீர்க்கு பந்தலுக்கு. தரையில் வைக்கோல் மூடாக்கு, தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி.

அடைமழையில் சிறுகீரை விதைக்காதீர்கள், அடித்துப்போகும். மழைக்குப் பின் அடியிலை மஞ்சளானால் பலரும் யூரியாவைத் தூவுகிறார்கள். மூச்சில்லாத வேர் அதை எடுக்காது. முதலில் வாய்க்காலைத் தூர்வாரி நீரை வடியுங்கள். மேல்மண் காய்ந்ததும் களைக்கொட்டால் லேசாகக் கிளறி, பிறகு 10 பங்கு நீரில் 1 பங்கு ஜீவாமிர்தம் (சாணம், கோமியம், வெல்லம் கரைத்துப் புளிக்கவைத்த கரைசல்) கலந்து ஊற்றுங்கள். நாலைந்து நாளில் கொழுந்து தெளியும்.

தைப்பட்டத்துக்குப் பாத்தியை உடைக்க வேண்டாம். சரிந்த ஓரத்தை அணைத்து, 5 கிலோ தொழு உரம் தூவி அதிலேயே நடலாம்.