மரத் தொட்டிக்குக் கண்ணாடி பொருத்துகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பிளைவுட்டில் மீன்தொட்டி செய்பவர்கள் பெட்டியைக் கச்சிதமாக முடித்துவிட்டு, முன்பக்கக் கண்ணாடியில்தான் கோட்டை விடுகிறார்கள். கசிவு வந்ததும் பழி கண்ணாடியை ஒட்டும் சிலிக்கோன் பசை மேல் விழும். பெரும்பாலும் கோளாறு அது ஒட்டியிருக்கும் பரப்பில்தான் இருக்கும்.

உள்ளளவில் 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. நீர் ஆழம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். முன்சுவரை வெளியே தள்ளும் விசை சுமார் 216 கிலோ. வேலை சுலபம் என்று கண்ணாடியை வெளிப்புறம் ஒட்டினால், அந்தத் தள்ளுதலைச் சிலிக்கோன் ஒன்றே இழுத்துப் பிடிக்க வேண்டும். உட்புறம் வைத்தால் தண்ணீரே கண்ணாடியைச் சட்டத்தோடு அழுத்திவிடும். சிலிக்கோனுக்குக் கசிவை அடைக்கும் வேலை மட்டுமே மிஞ்சும்.

சட்டத்தை நான்கு பட்டைகளாக இணைக்காதீர்கள். மூலை இணைப்புகள் அசையும். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள 18 மி.மீ. மரைன் பிளையில் (ஈரம் தாங்கும் பிளைவுட்) முன்சுவரை ஒரே பலகையாக எடுத்து, நடுவில் 110 × 45 செ.மீ. திறப்பு வெட்டுங்கள். கண்ணாடி 119 × 54 செ.மீ. இருந்தால் நான்கு பக்கமும் 45 மி.மீ. மேல்படியும், பக்கச் சுவர்களில் இடிக்காமல் 5 மி.மீ. இடைவெளியும் இருக்கும். திறப்பின் மூலைகளை வளைவாக வெட்டுங்கள். கூரிய மூலையில்தான் பலகை விரிசல் விடும். மேல் விளிம்பில் குறுக்குச் சட்டம் போடாவிட்டால் முன்சுவர் வெளியே பிதுங்கும்.

அதிகம் பேர் கவனிக்காத இடம் திறப்பின் வெட்டு விளிம்பு. பிளையின் அடுக்குகள் அங்கே திறந்து கிடக்கின்றன. பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் புகாமலிருக்க மரத்தில் பூசும் பிசினான எபாக்சியைப் பூசினாலும் கூரான விளிம்பிலிருந்து அது விலகி ஓடி, அந்த முனையில் மெல்லிய படலமே நிற்கும். ஆகவே முதலில் ரூட்டராலோ (மரத்தைக் குடையும் மின்கருவி) உப்புத்தாளாலோ விளிம்பை 5 மி.மீ. அளவுக்கு உருட்டிவிடுங்கள். பிறகு அங்கே மட்டுமாவது மூன்று பூச்சு கொடுங்கள்.

எபாக்சி காய்ந்ததும் உடனே ஒட்டக் கூடாது. ஒரு வாரம் விடுங்கள். சில எபாக்சிகள் காயும்போது மேலே மெழுகு போன்ற வழவழப்பு படரும். அது தண்ணீரில்தான் கரையும். தின்னரால் துடைத்தால் பரவுமே தவிரப் போகாது. வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவி, 120 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். சாதாரண பெயின்ட் மீது ஒட்டவே கூடாது. சிலிக்கோன் பெயின்டைப் பிடிக்கும், பெயின்ட் மரத்தை விட்டுவிடும்.

ஒட்டும் பரப்பில் நேரான அலுமினியப் பட்டையை வைத்துப் பாருங்கள். துருத்தி நிற்கும் ஒரு ஸ்க்ரூ தலை போதும், கண்ணாடி அந்தப் புள்ளியில் கீறல் விடும்.

கண்ணாடி 12 மி.மீ., விளிம்பு தேய்த்ததாக இருக்கட்டும். அக்ரிலிக் வேண்டாம், அதில் சிலிக்கோன் சரியாகப் பிடிக்காது, நாளடைவில் வளைந்தும் கொடுக்கும்.

சிலிக்கோன் வாங்கும்போது பூஞ்சைத் தடுப்பு சேர்த்த பாத்ரூம் வகையைத் தவிர்த்துவிடுங்கள். அந்த மருந்து மீன்களைக் கொல்லும். மீன்தொட்டிக்கு என்று போட்டிருப்பதே பாதுகாப்பு. 280 மி.லி. குழாய் மூன்று எடுத்துவையுங்கள். இரண்டில் முடிந்துவிடும்போல் தோன்றும், ஆனால் பாதியில் கடைக்கு ஓட முடியாது, பத்து நிமிடத்திலேயே மேலே ஆடை கட்டிவிடும்.

தொட்டியை முன்பக்கம் தரையில் படும்படி கவிழ்த்து வையுங்கள். கண்ணாடி ஏறக்குறைய 19 கிலோ என்பதால் இறக்க இரண்டு பேர் வேண்டும். நன்றாக அழுத்தினால் நன்றாக ஒட்டும் என்று நினைத்து சிலிக்கோனை முழுக்கப் பிதுக்கிவிடுவது பெரிய தவறு. மரம் கொஞ்சம் அசைந்தாலும் மெல்லிய படலம் கிழிந்துவிடும். 3 மி.மீ. ரப்பர் துண்டுகளை மேல்படிப் பகுதியின் நடுவில் ஆங்காங்கே வைத்தால் அந்தத் தடிமன் நிற்கும். கருப்பு சிலிக்கோன் என்றால், மேலிருந்து பார்க்கும்போது காற்று அடைத்த இடங்கள் வெளிறித் தெரியும். அங்கே மெதுவாக அழுத்துங்கள். பிறகு உட்புற விளிம்பைச் சுற்றி ஒரு வரி போட்டு விரலால் வழித்துவிடுங்கள்.

காற்றின் ஈரத்தால்தான் சிலிக்கோன் இறுகுகிறது. இங்கே ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் எபாக்சி. ஈரம் விளிம்பு வழியாக மட்டுமே நுழையும். முதல் நாளில் 2, 3 மி.மீ. இறுகும், பிறகு இன்னும் மெதுவாகும். 24 மணி நேரம் என்று குழாயில் எழுதியிருப்பதை இதற்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். வினிகர் வாடை வரும் வகையானால், வாடை நிற்கும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

முதல் நிரப்புதல் வீட்டுக்கு வெளியே நடக்கட்டும். கால்வாசி நிரப்பி ஒரு நாள், பாதி நிரப்பி ஒரு நாள் என்று போங்கள். கசிந்தால், வெளியே ஈரம் தெரியும் இடமும் உள்ளே தண்ணீர் நுழையும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இறுகிய சிலிக்கோன் மேல் புதுசு பிடிக்காது என்பதால் மேலே பூசி மழுப்பாதீர்கள். உள்விளிம்பு வரியை முழுவதும் பிளேடால் சுரண்டி எடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, ஒரே மூச்சில் சுற்றிலும் புதிதாகப் போடுங்கள்.