ஹைட்ரா தீவு: திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுங்கள்

ஏதென்ஸிலிருந்து ஹைட்ரா தீவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்புவதாக இருந்தால், திரும்பி வரும் படகுக்குத்தான் முதலில் டிக்கெட் எடுக்க வேண்டும். போகும் படகை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து அங்கே போவது பயணிகளுக்கான அதிவேகப் படகுகள். இருக்கைக் கணக்குப்படிதான் ஏற்றுவார்கள், பெரிய கப்பல் மாதிரி மேல்தளத்தில் நின்றுகொண்டு வர முடியாது. கோடைக்கால ஞாயிறு மாலையில் வார இறுதிக்கு வந்த ஏதென்ஸ்காரர்கள் எல்லோரும் ஊர் திரும்புவதால் அந்த இருக்கைகள்தான் முதலில் தீரும். தவறவிட்டால் தீவில் அறை எடுத்துத் தங்க வேண்டிவரும், அது டிக்கெட்டைவிடப் பல மடங்கு செலவு.

தீவில் கார் கிடையாது என்பதால் படகு நேரத்துக்கு முன் துறைமுகத்துக்கு நடந்து வரும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலிகோஸ் கடற்கரையிலிருந்து முக்கால் மணி நேரமாவது வைத்துக்கொள்வது நல்லது. வாட்டர் டாக்ஸி உண்டு. ஆனால் கட்டணம் ஆளுக்கல்ல, படகுக்கு. தனியாகப் போகிறவருக்குக் கட்டுப்படியாகாது.

தீவுக்கு எதிரே உள்ள பெலப்பொனீஸ் தீபகற்பத்தில் காரை நிறுத்திவிட்டு எதிர்க்கரை மெட்டோகியிலிருந்து சிறு படகில் போகிறவர்களுக்கு இந்தத் திரும்பும் டிக்கெட் கவலை குறைவு. பலத்த காற்றில் படகுகளையே நிறுத்திவிட்டால், கையில் டிக்கெட் இருந்தும் பயனில்லை.