ஹன்சார்டில் ஒரு பின்வரிசை உறுப்பினரின் ஓராண்டைத் தேடி எடுப்பது எப்படி

பிரிட்டிஷ் குடியேற்ற ஆட்சிக் கால மொரீஷியஸைப் பற்றி எழுத உட்காருபவர்கள் ஆளுநரின் கோப்புகளோடு நின்றுவிடுகிறார்கள். லண்டன் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில், அமைச்சர் பதவி இல்லாத பின்வரிசை உறுப்பினர்களிடமிருந்து நம் தீவைப் பற்றி எழுந்த கேள்விகளும் முக்கியமான சான்றுகள். அந்தச் சபையின் பேச்சுகளைப் பதிவுசெய்யும் அதிகாரபூர்வ வெளியீடான ஹன்சார்டின் பழைய தொகுதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ரோஸ் ஹில்லில் வீட்டிலிருந்தே படிக்கலாம்.

முதலில் ஆண்டைச் சரியாக வகுத்துக்கொள்ளுங்கள். சபையின் ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. 1950, 60களில் வழக்கமாக இலையுதிர்காலத்தில் அரசரின் அல்லது அரசியின் உரையோடு கூட்டத்தொடர் தொடங்கியது. தேர்தல் வந்தால் இந்தக் கணக்கு மாறியது. 1955 மே தேர்தலுக்குப் பின் தொடங்கிய தொடர் 1956 இலையுதிர்காலம் வரை நீண்டது. அதை மற்ற தொடர்களோடு ஒப்பிட்டு ‘இந்த ஆண்டு அதிகம் பேசினார்’ என்று எழுதினால் பிழை.

அடுத்தது பெயர். ரக்பி தொகுதியின் ஜேம்ஸ் ஜான்சனை (1950–59) எடுத்துக்கொண்டால், 1955க்குப் பின் அதே சபையில் எரிக், ஹோவர்ட், டொனால்ட் என்று இன்னும் மூன்று ஜான்சன்கள் இருந்தார்கள். மூவரும் கன்சர்வேட்டிவ் கட்சியினர். தொகுதியைப் பார்க்காமல் ஒரு வரியும் குறிக்க வேண்டாம்.

ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, நூல் தொகுதி எண், பத்தி (column) எண், தலைப்பு, வாய்மொழியா எழுத்தா என்ற ஐந்தையும் எழுதுங்கள். எழுத்துப் பதில்களுக்குப் பத்தி எண் வரிசை தனி. அதைக் குறிக்காவிட்டால் உங்கள் மேற்கோளைத் தேடுபவர் வேறொரு விவாதத்தில் போய் நிற்பார். எழுத்துப் பதில் என்றாலே உறுப்பினர் அதைத்தான் கேட்டார் என்றும் கொள்ளக்கூடாது. அக்காலத்தில் கேள்வி நேரம் பிற்பகல் மூன்றரை மணியோடு முடிந்துவிட்டது. முறை வராத வாய்மொழிக் கேள்விகளுக்கும் எழுத்திலேயே பதில் வந்தது.

அமைச்சரின் பதிலைத் தொடர்ந்து கேட்கப்படும் துணைக்கேள்வியை நிதானமாகப் படியுங்கள். அமைச்சரின் முதல் பதில் அலுவலகம் எழுதிக் கொடுத்தது. அதைக் கேட்டதும் உறுப்பினர் எழுந்து என்ன கேட்கிறார் என்பதில்தான் அவருக்கு விஷயம் எவ்வளவு தெரியும் என்பது வெளிப்படும். கேள்விகளின் எண்ணிக்கையைவிட இதற்கே நான் மதிப்புக் கொடுப்பேன். இரவில் சபை கலையுமுன் வரும் அரைமணி ஒத்திவைப்பு விவாதத்தையும் தவறவிடாதீர்கள். பின்வரிசை உறுப்பினர் ஒரே விஷயத்தை முழுதாகப் பேசி, அமைச்சரைப் பதில் சொல்லவைக்கும் இடம் அது.

தேடும்போது ‘மொரீஷியஸ்’ என்ற சொல் மட்டும் போதாது. சர்க்கரை, புயல், அன்று மொரீஷியஸோடு சேர்ந்திருந்த சாகோஸ் தீவுகள், அவற்றில் ஒன்றான டியேகோ கார்சியா என்றும் தேடுங்கள். தமிழ்ப் பெயர்களை மொரீஷியஸில் வழங்கும் எழுத்துக்கூட்டில் இடவேண்டும்: நம் நூறு ரூபாய் நோட்டில் இருப்பவரை ‘சீனிவாசன்’ என்று சென்னை வழக்கப்படி தேடினால் கிடைக்கமாட்டார், ‘சீனீவாசென்’ (Seeneevassen) என்று தேடவேண்டும். 1966 ஆகஸ்ட் முதல், குடியேற்ற நாடுகளைக் கவனித்த குடியேற்ற அலுவலகம் (Colonial Office) காமன்வெல்த் உறவுகள் அலுவலகத்தோடு சேர்ந்து காமன்வெல்த் அலுவலகம் ஆகிவிட்டதால், அதற்குப் பின் அந்தத் தலைப்பின் கீழ் பாருங்கள். சாகோஸ் பற்றியவை பாதுகாப்புத் துறையின் கீழும் இருக்கும்.

வாக்கெடுப்புப் பட்டியலில் பெயர் இல்லாததை வைத்து எதையும் முடிவுகட்டாதீர்கள். எதிர்க்கட்சிக்காரர் ஒருவரோடு இணை பேசிக்கொண்டு இருவருமே வராமல் இருந்திருக்கலாம். மசோதாக்களை விவரமாக ஆராயும் நிலைக்குழுக்களின் விவாதங்கள் தனி வெளியீடு. உறுப்பினர்கள் கையெழுத்திட்ட முன்னறிவிப்புத் தீர்மானங்கள் (Early Day Motions) அன்றைய அலுவல் தாள்களில் இருக்கும், ஹன்சார்டில் இருக்காது.