வில்லை அழுத்தியதில் வந்த தோள் வலி

ஜெர்மானிய இசையமைப்பாளர் ஹெல்முட் லாகன்மன் 1969-ல் தனிச் செல்லோவுக்கு (வில்லால் வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) எழுதிய 'பிரஸ்ஸியோன்' என்ற படைப்பைப் பயிற்சி செய்தபோது, இரண்டாவது வாரமே வலது தோள் பிடித்துக்கொண்டது. கட்டைவிரல் அடியிலும் வலி. அந்தப் படைப்பின் தாளில் பெரும்பாலும் கேட்கவேண்டிய சுரம் இருக்காது. கை எங்கே போகவேண்டும், என்ன செய்யவேண்டும் என்பதுதான் இருக்கும். அழுத்தி வாசிக்கும் கரகரப்பான பகுதிக்கு நான் முழு பலத்தையும் கொடுத்தேன். அதுதான் தப்பு.

முதலில் நாலு நாள் செல்லோவைத் தொடவில்லை. அப்புறம் அலைபேசியில் என்னையே பக்கவாட்டில் படமெடுத்துப் பார்த்தேன். தோள் காதுவரை ஏறியிருந்தது, மூச்சே விடவில்லை!

தந்தி கரகரக்க பலம் மட்டும் காரணமில்லை. வில் மெதுவாக நகர்ந்தால் குறைந்த அழுத்தத்திலேயே சுரம் உடைந்துவிடும். தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான பாலத்திலிருந்து வில் சற்று விலகினாலும் அப்படித்தான். ஆகவே வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். விரல்களால் நெருக்குவதை விட்டு, கையின் எடையை முதுகிலிருந்து தந்திமேல் சாயவிட்டேன். அழுத்தும் ஒவ்வொரு இடத்திலும் மூச்சை வெளியே விடும்படி தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். இந்தக் குறிதான் எனக்கு மிகவும் உதவியது. மூச்சு போனால் தோள் தானாக இறங்குகிறது.

ஒரு நேரத்துக்குப் பத்து நிமிடம்தான், பிறகு ஓய்வு. மூன்று வாரத்தில் வலி போனது. ஓசையும் முன்பைவிட அடர்த்தியாக வந்தது, அவையில் அமர்ந்திருப்பவருக்கு என் முயற்சி கண்ணுக்கும் தெரிந்தது. விரல் மரத்துப்போனால் மட்டும் இதையெல்லாம் முயலாமல் மருத்துவரிடம் போங்கள்.