மகளிர் குழுவில் 'மகாநதி' திரையிடுவது எப்படி?

1994-இல் வந்த கமல்ஹாசன் படம் 'மகாநதி'யை எங்கள் சுய உதவிக் குழுவில் மூன்று முறை போட்டுக் காட்டியிருக்கிறேன். முதலில் நீங்கள் தனியாக முழுப் படத்தையும் பார்த்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் சோனாகாச்சியில் விற்கப்பட்டு, கதாநாயகன் அங்கிருந்து மீட்டு வந்த மகள் தூக்கத்தில் பிதற்றும் காட்சி முடிந்ததும் படத்தை நிறுத்தி விளக்கைப் போடுங்கள். உடனே பேச ஆரம்பிக்காதீர்கள். முதல் முறை அந்த இடத்தில் ஓர் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் பின்னாலேயே போய்க் காரணம் கேட்டேன், கேட்டிருக்கவே கூடாது. இப்போது வாசல் பக்கம் ஒருவரை உட்கார வைக்கிறேன். வெளியே போகிறவர் கூடவே போய்ப் பேசாமல் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

"அந்தப் பொண்ணு ஏன் ஓடி வரலை?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அவளை விற்றது யார், வாங்கியது யார், தெரிந்தும் சும்மா இருந்தது யார் என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். அப்புறம் பேச்சு, வேலை வாங்கித் தருவதாக ஊருக்குள் வரும் ஆட்களிடம் தானாகப் போய் நிற்கும்.

உதவி எண்கள்: குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112. பலகையில் பெரிதாக எழுதுங்கள். எல்லோரும் செல்போனில் பதிந்துகொள்ளும் வரை அழிக்காதீர்கள்.